கசிவு

வாஷிங் மெஷின் அடியில் மறுபடியும் தண்ணீர்.
வூட்ஜ் நகரத்து மூன்றாம் மாடியில்
துண்டைப் பிழிந்துகொண்டிருக்கிறேன்.
வார்சாவில் யாரோ ஓர் உறுப்பினர்
குடும்பம் என்றால் என்னவென்று
நாற்பது நிமிடமாக ரேடியோவில் விளக்குகிறார்.
உருளைக்கிழங்கு சீவியபடி டோபியாஷ்
"இந்த ஆளுக்குத் துணி துவைப்பது யார்?" என்கிறான்.

மெக்கானிக் வந்தார்.
முழங்கால் ஊன்றி ரப்பர் வளையத்தை உருவினார்:
ஒரு நாணயம், ஒற்றைக் காலுறை,
யாருடையதென்று தெரியாத பித்தான்.
"எத்தனை வருஷம் ஆச்சு?"
பதினொன்று என்றேன்.
பதின்மூன்று என்றான் அவன்.
"நான் மெஷினைக் கேட்டேன்" என்றார்.

ரசீதுக்குப் பெயர் வேண்டுமாம்.
வீடு அவன் பேரில்.
"நீங்க?" என்று பேனா என் பக்கம் நின்றது.
போன பனிக்காலம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது
மருத்துவமனையிலும் இப்படித்தான் ஒரு பேனா.
தூரத்துச் சொந்தம் என்று சொல்லி
உள்ளே போனேன்.

வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தொடருக்கு, என்றது ரேடியோ.

"ரெண்டு பேரும் போடுங்க," என்றார் மெக்கானிக்,
"யார் கூப்பிட்டாலும் வர்றேன்."
போகும்போது
அவித்த கிழங்கு ஒன்றை ஊதி ஊதித் தின்றார்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தேன்.
சொட்டு நிற்கவில்லை.
துண்டை நாலாய் மடித்து வைத்துவிட்டு
அவன் முதுகோடு ஒட்டிப் படுத்தேன்.