எழுபது சதவீதம்

செவ்வாய் மாலை, ஐந்தே முக்கால்.
கடல்மேல் அந்த வெள்ளைச் சுருள்
திரையில் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி.
வானொலி நிலையத்து மின்விசிறி
நூற்றுப் பதினேழாவது நாளாக
அதே தூசியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மௌலே பள்ளத்தாக்கில் ஏப்ரல்தான் இலையுதிர்காலம்.
பாப்லர் மரங்கள் மஞ்சளாகிவிட்டன,
பருவத்தாலா தாகத்தாலா என்று
அவற்றுக்கே தெரியாது.

மூன்று முறை சொன்னேன் மழை வருமென்று.
மார்ச் ஒன்பது.
மார்ச் இருபத்திரண்டு.
பிறகு புனித வெள்ளி.
மூன்று முறையும் மேகம்
கடன்காரரைத் தெருவில் பார்த்தவர் போல
முகம் திருப்பி, நடையை எட்டிப் போட்டு
மலையைத் தாண்டிப் போய்விட்டது.

வானம் பொய்த்தால் வானத்தை யாரும் கேட்பதில்லை.
ரொட்டிக் கடையில் என்னைக் கேட்கிறார்கள்.
"இன்றைக்கு எத்தனை சதவீதம், எர்மெலிண்டா?"
மீதிச் சில்லறையை நீட்டுகிறார் நிபால்தோ.
"நூறு பெசோ குறைகிறது.
வர வாய்ப்பிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்."

இந்த முறை கணிப்புகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன.
அதுதான் பயமாக இருக்கிறது.
வியாழன் நள்ளிரவில் தொடக்கம்.
கரையோரம் நாற்பது மில்லிமீட்டர்,
உள்ளே இருபத்தைந்து,
மலையடியில்
எழுதி, அழித்து, எழுதுகிறேன்.

தொலைபேசி. குளோரிண்டா.
பாதித் திராட்சை இன்னும் கொடியில்,
ஈரம் பட்டால் பூஞ்சை,
சனிக்கிழமை வரை தள்ளிப்போட முடியாதா?
மழையை மேசை இழுப்பறையில் வைத்துப்
பூட்டியிருக்கிறேன் என்ற நினைப்பு.

எலெயுத்தேரியோ நேரிலேயே வந்துவிட்டார்.
தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.
இருபத்தாறு ஆடு விற்றாயிற்று, மிச்சம் ஒன்பது.
இன்றிரவே காய்ந்த மண்ணில் ஓட்ஸ் விதைக்கலாமா
என்பதை அவர் கேட்கவே இல்லை.
என் முகத்தைப் பார்த்தார்,
விதைக்கப் போய்விட்டார்.

தண்ணீர் லாரி விளாடிமிருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி.
மழை வந்தால் நடை இல்லை.
லாரிக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி.
"பெய்யட்டும், பெய்யட்டும்" என்றார்,
கணக்குப் போடுகிற கண்களோடு.

கடைசியாக யஸ்னா, தீயணைப்புப் படைத் தொண்டர்.
பிப்ரவரியில் எரிந்த சரிவைப் பற்றிப் பேசினாள்.
சாம்பல் மண் தண்ணீர் குடிக்காது.
அதன் அடியில் பதினொரு வீடுகள்.
"மொத்தம் எவ்வளவு என்பது எனக்கு வேண்டாம்.
ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?"

தெரியவில்லை என்றேன்.
பதினெட்டு வருட வேலையில்
அந்தச் சொல்லை ஒலிபரப்பியதே இல்லை.

ஆறு மணிச் செய்திக்கு நான்கு நிமிடம்.
கரையோரம், உள்பகுதி, மலையடி என்ற வரிசையைக் கிழித்தேன்.
எழுபது சதவீதத்தை அடித்தேன்.
"எரிந்த சரிவின் கீழே இருப்பவர்கள்
வியாழன் இரவு அங்கே தூங்க வேண்டாம்.
எவ்வளவு பெய்யும் என்று எனக்குத் தெரியவில்லை."
வாசித்தபோது குரல் என்னுடையதாக இல்லை,
கொஞ்சம் சின்னப்பெண் குரல்.

வியாழன் நள்ளிரவு: ஒன்றுமில்லை.
ஒரு மணி: நட்சத்திரங்கள்.
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்
பதினொரு குடும்பங்கள், நாய்கள், ஒரு தையல் இயந்திரம்.
நான்காவது பொய்யை
நாளைக் காலை ரொட்டியோடு எப்படி வாங்குவதென்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று இருபது.
முதலில் தகரத்தில் ஒரு சொட்டு.
பிறகு நெடுநேரம் எதுவுமில்லை,
சொன்னதைத் தானே திரும்ப யோசிப்பதுபோல.
பிறகு மொத்தமாக.

யாரும் ஆடவில்லை, கை நீட்டவில்லை.
குளோரிண்டா கூடைகளை மூடியிருப்பாள்.
விளாடிமிர் வண்டிக் கண்ணாடியை ஏற்றியிருப்பார்.
நான் முற்றத்தில் டார்ச்சோடு
மழைமானியின் கோட்டைப் பார்த்து நின்றேன்.

நான்கு இருபது: ஒன்பது மில்லிமீட்டர்.
ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது.
யஸ்னாவை அழைத்துச் சொன்னேன்.
"மலை?"
இருட்டில் தெரியவில்லை என்றாள்,
ஆனால் நிற்கிற சத்தம் கேட்கிறது.

ஐந்து இருபதுக்கு மறுபடி அழைக்கச் சொன்னாள்.