முள்ளோடை

பெரிய மார்க்கெட்டில் சணல் கயிறு கேட்டேன்.
ஆறு எம்.எம். கனம், எட்டு மீட்டர்.
"மாட்டுக்கா, மூட்டைக்கா?" என்றார் கடைக்காரர்.
வீட்டுக்கு என்றேன்.
அளவுகோல் உடைந்து கிடந்ததால்
பூ அளக்கிற மாதிரி முழங்கையில் அளந்தார்.
பதினெட்டு முழம், கொசுறு அரை.
மல்லிகைகூட இத்தனை வாங்கியதில்லை நான்.

நெல்லித்தோப்பு, மூன்றாம் மாடி.
காஸ் அடுப்பின் சின்னத் தீயில்
கயிற்றின் பிசிறுகளைப் பொசுக்கினோம்,
அமலோர் ஒரு முனை, நான் ஒரு முனை.
சாக்குக் கடை எரிகிற வாசனை.
கீழ்வீட்டு செலின் குரல் கொடுத்தாள்:
"என்னம்மா தீயுது?"
"அப்பளம்" என்றான் அமலோர்.
பொய் சொல்ல அவனுக்கு வராது,
காது சிவந்துவிடும்.

கைபேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்தோம்.
ஒசாகாவிலிருந்து ஒரு பெண்,
முன்முடி நரைத்தவள்,
அவசரமே தெரியாத விரல்கள்.
அவள் பேச்சு புரியாது.
அடியில் ஓடும் எழுத்தும் தானாகப் பெயர்த்துத் தடுமாறுவது.
"மணிக்கட்டைக் கேள்" என்றது ஒருமுறை.
தப்பாக இருக்கலாம்.
நான் அதையே வைத்துக்கொண்டேன்.

முதலில் நாற்காலிக் கால். அடுத்த வாரம் தலையணை.
அவள் இடது எனக்கு வலது.
நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி,
கயிற்றை நடுவில் மடித்து
இரண்டு சுற்று, அடியில் நுழைத்து, மேலே வாங்கி...
இழுத்தாலும் இறுகக்கூடாது, அது முடிச்சு.
இழுக்க இழுக்க இறுகுவது சுருக்கு.
இந்த ஒரு வித்தியாசத்துக்கு
எனக்கு ஒன்பது நாள் ஆனது.

பகலில் கடலூர், மஞ்சக்குப்பம், எலும்பு ஆஸ்பத்திரி.
மாவுக்கட்டு போடுவது என் வேலை.
பைக்கில் விழுந்தவர்கள், பாத்ரூமில் வழுக்கியவர்கள்.
யாரும் ஆசைப்பட்டுக் கை நீட்டியதில்லை.
அமலோர் நீட்டினான்.
கூரியர் கிடங்கில் பதினொரு மணி நேரம்
பார்கோடு சுடுகிற கை.
தூக்கத்திலும் ஆள்காட்டி விரல் துடிக்கும்.

பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்
கட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.
முடிச்சென்று ஒன்று அன்றைக்கு விழவேயில்லை.
மூன்று வருஷம் கழித்து, ஞாயிறு மத்தியானம்,
ஃபேன் சத்தத்தில்
நான் போட்டேன்.

நிறுத்த ஒரு சொல் வேண்டியிருந்தது.
"வேணாம்" ஆகாது,
கொஞ்சும்போதும் அதைத்தான் சொல்வான்.
நான் தினம் போகிற பஸ் தடத்தில் பொறுக்கினோம்.
தவளக்குப்பம் என்றால் மெதுவாக.
கிருமாம்பாக்கம் என்றால் தண்ணீர்.
முள்ளோடை என்றால் எல்லை, அவிழ்.

இரண்டு விரல் நுழைய இடம் விடுவேன்.
கட்டைவிரலைத் தூக்கச் சொல்வேன்.
நகத்தை அழுத்தி
ரத்தம் திரும்புகிறதா என்று எண்ணுவேன்.
மூக்கு மழுங்கிய கத்தரி முழங்காலருகே இருக்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை.
நெட் விட்டு விட்டு வந்தது.
ஒசாகாக்காரி பாதி வளைவில் உறைந்துபோனாள்,
திரையில் வட்டம் சுற்றியது.
அவன் மணிக்கட்டு இரண்டும் சேர்ந்திருந்தன,
மீதிக் கயிறு என் கையில்.
பார்த்தேன்: ஆள்காட்டி விரல் எதையும் சுடவில்லை.
அப்போது, மெல்ல, "முள்ளோடை" என்றான்.

எப்படி அவிழ்த்தேனென்று தெரியாது.
வலிக்குதா, மரத்துப்போச்சா, விரலை மடக்கு, மடக்கு.
"ஒண்ணுமில்ல.
சொன்னா நிறுத்துறியான்னு பாத்தேன்."

கோபம் வந்தது.
அப்புறம் வேறு ஏதோ வந்தது,
அதற்கு அந்தத் தடத்தில் ஸ்டாப் இல்லை.
கயிற்றின் புரி தோலில் பதிந்திருந்தது,
பாயில் தூங்கி எழுந்த கன்னம் மாதிரி.
மறையும்வரை தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"திரும்பக் கட்டு" என்றான்.

திங்கட்கிழமை, ஏழே முக்கால் பஸ்.
கூட்டத்துக்குள்ளிருந்து கண்டக்டர்:
"முள்ளோடை, முள்ளோடையெல்லாம் எறங்கு!"
குனிந்து பார்த்தால்
மடியிலிருந்த சாப்பாட்டுப் பையின் நாடாவை
அவிழ்த்து முடித்திருந்தேன்.
பக்கத்து சீட்காரி திரும்பினாள்.
"எட்டு மணிக்கேவா பசி?" என்றாள்.