பதினைந்து டெசிபல்

முதலில் ஆரஞ்சு நிறப் பஞ்சு.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வாசலில்
பெட்டி நிறைய, இலவசம்.
காதுக்கு ஒரு ஜோடி,
யாரும் பார்க்காதபோது பாக்கெட்டுக்கு இரண்டு.
உருட்டி நசுக்கி, மடலை மேலே இழுத்துச் செருகினால்
மெல்ல ஊதிக்கொண்டு அடைக்கும்.
மெஷினுக்கு அது போதும்.
மெஷினோடு நான் தாளம் பேச வேண்டியதில்லை.

உருமிக்கு ஆகவில்லை.
ஞாயிறு, பட்டர்வொர்த் கொட்டகை,
பதினோரு பேர், தகரக் கூரை.
பம்பை போயிற்று. சட்டியின் உச்சி போயிற்று.
யாரோ மெத்தையை உதைக்கிற தொம் மட்டும்.
வளைகுச்சியால் நான் தேய்க்கிற உறுமல்
தாடை எலும்பு வழியாக ஏறி வந்தது,
பல்வலி வருகிற பாதையில்.
எடுப்பு எங்கே என்று தெரியாமல்
யுகேஸ்வரனின் தோளைப் பார்த்து அடித்தேன்.
"பஞ்சு வச்ச பொணமா ஷாமினி நீ?" என்றான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பும் மெத்தைக்குள்ளிருந்துதான் வந்தது.

அடுத்து ரப்பர்.
மூன்று குடையை அடுக்கி வைத்த மாதிரி, முப்பத்தெட்டு வெள்ளி.
வலது காதில் நின்றது.
இடதில் வியர்வை இறங்கியதும் வழுக்கி,
தேர் திரும்புகிற முனையில்
விழுந்த இடம் தெரியவில்லை.
உடைந்த தேங்காய்களுக்கு நடுவில் குனிந்து தேடியவளை
கம்மலா அம்மா என்று கேட்டார் குருக்கள்.
ஆமாம் என்றேன்.
அது சொல்ல எளிதாக இருந்தது.

அன்று இரவு இடப்பக்கம் மட்டும்
எங்கோ ஒரு டிவியை அணைக்க மறந்துவிட்டார்கள்.
ஈ என்று ஒரே இழை.
தலையணையைப் புரட்டிப் போட்டேன். ஃபேனை நிறுத்திப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் காலை இல்லை.
நின்றதா,
நான் கேட்பதை நிறுத்தினேனா?

பர்மா ரோட்டுக் கிளினிக்கில் சியூ லிங்
சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.
மலாய் மொழியிலா, ஆங்கிலத்திலா?
தமிழ் இல்லையா என்றேன்.
பாவம், பட்டியலை உண்மையாகவே புரட்டிப் பார்த்தாள்.
ஆகவே என் சகரங்களில் எத்தனை தேய்ந்திருக்கின்றன என்பது
எந்தக் காகிதத்திலும் இல்லை.
வரைபடத்தில் இடது கோடு நேராக வந்து
நாலாயிரத்தில் இறங்கி ஏறியது,
லோரி மிதித்த தார் ரோடு போல.

பாடுவாயா?
இல்லை.
கத்துவாயா?
அதுதானே பாதி வேலை.
அப்படியானால் வாயைத் திற என்று
பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கொடுத்து
இளஞ்சிவப்புக் களியை ஊற்றினாள், குளிரக் குளிர.
ஐந்து நிமிடம், கோயில் யாளி மாதிரி
வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.
உலகம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

வில்லைகள் மூன்று வகை.
ஒன்பது: உருமிக்கும் எனக்கும் ஒரு முழம்தான், போதாது.
இருபத்தைந்து: மறுபடி மெத்தை.
பதினைந்து.
அறுநூற்று நாற்பது வெள்ளி.
உருமிக்குப் புதுத் தோல் போட வைத்திருந்த காசு.
ஃபெரியில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
அக்கரை வரும்வரை நிறுத்துப் பார்த்தேன்.
இரண்டும் இழுத்துக் கட்டிய தோல்தான்.
ஒன்றைத்தான் கடையில் விற்கிறார்கள்.

போட்டுக்கொண்டு அடித்த முதல் ஞாயிறு
எல்லாம் இருந்தது, ஒரு தெரு தள்ளி.
சட்டி சட்டியாக, பம்பை பம்பையாக.
மூன்றாவது சுற்றில் ஓடுவது யார் என்பதும் கேட்டது.
நான்கு வருடமாக நான்தான் பின்தங்குகிறேன் என்று
பேசிக்கொண்டிருந்தார்கள்.
யுகேஸ்வரன் ஓடினான்.
சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

மேளங்களை வேனில் ஏற்றும்போது
பக்கத்தில் வந்து நின்றான்.
அது எவ்வளவு என்றான்.
அறுநூற்று நாற்பது.
எவ்வளவு?
அறுநூற்று நாற்பது.
எவ்வளவு?
விலைக்காகக் கேட்கிறானா என்று
அவன் முகத்தைப் பார்த்தேன்.