பதினோராவது முறை

ஒரு பிற்பகலில் பதினோரு முறை
என் கணவன் சாகிறான்.
மணிக் கணக்கில் கூலி, பஸ் காசு தனி.

வால்திவியாவில் ஜூன் மாதம்.
தகரக் கூரையில் மூன்று நாளாக மழை.
செவிலியர் கல்லூரியின் நான்காம் அறையில்
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று.
சுவரில், எங்கள் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி,
அந்தப் பக்கம் ஜன்னல்.
அங்கே மதிப்பெண் தாளோடு மூன்று பேர்.

எனக்குத் தந்த தாளில் நான் எர்மெலிந்தா,
மீன் சந்தையில் கடை வைத்திருப்பவள்.
சேதி கேட்டதும் பத்து நொடி அசையக் கூடாது.
பிறகு அழலாம்.

(சனிக்கிழமைகளில் பிறந்தநாள் வீடுகளில் நான் கோமாளி.
அழுகைக்குத்தான் கூலி அதிகம்.)

முதலில் வந்த பாஸ்தியான்
"புரிகிறது" என்றான், ஏழு தடவை.
எண்ணினேன்; எனக்கு வேறு என்ன வேலை.
அடுத்தவள் நான் அழுமுன்பே
கைக்குட்டைப் பெட்டியைக் கேடயம்போல் நீட்டினாள்.
லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரலில் ஒருத்தி.
மேசைக்கடியில் தன் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டே
என் கண்ணைப் பார்த்துப் பேசினாள் இன்னொருத்தி;
பார்வைக்கு இரண்டு மதிப்பெண்.
எட்டாவதாக வந்த பெண் எனக்கு முன்னால் அழுதுவிட்டாள்.
உணர்ச்சிக் கட்டுப்பாடு: பூஜ்யம்.
நான்தான் அவளைத் தேற்றினேன்.
அதற்குத் தாளில் இடமில்லை.

கடைசியாக யஸ்னா யான்கபான்.
ஈரச் செருப்பு கீச்சிட வந்து உட்கார்ந்தாள்,
நாற்காலியை அருகே இழுத்தாள், எல்லாம் பாடப்படி.
"எர்மெலிந்தா அம்மா, உங்கள்..."
அங்கே நின்றது.
காது மடல் சிவந்தது.
"மன்னியுங்கள், அவர் பெயர் மறந்துவிட்டது.
பார்த்துவிட்டு வருகிறேன்."
எழுந்தே போய்விட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் பேனாக்கள் உரசியிருக்கும்.

எனக்கு வசனம் இல்லாத இரண்டு நிமிடம்.
மழையும் நானும்.
அப்போதுதான் உறைத்தது:
மதியத்திலிருந்து பத்துப் பேர் சொல்லிப் போனார்கள்,
உங்கள் கணவர், உங்கள் கணவர் என்று.
செத்தவனுக்கு ஒரு பெயர் இருந்தது.
தாளில் படித்தவள் நான்,
எனக்கே நினைவில்லை.

கதவு திறந்தது.
"எலியோதோரோ," என்றாள், உட்காரக்கூட இல்லாமல்,
ஓடி வந்த மூச்சோடு.
"எலியோதோரோ இறந்துவிட்டார், அம்மா."

பத்து நொடி காத்திருக்க மறந்தேன்.

அவள் பெட்டியைத் தொடவில்லை.
என் பக்கம் நீண்ட கை பாதியில் நின்று
மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது,
என்ன செய்வதென்று தெரியாத கை.

அறையை விட்டுப் போனதற்கு மூன்று குறைத்தார்கள்,
பெயரை மறந்ததற்கு இரண்டு.
தாளின் அடியில் எனக்கும் ஒரு கட்டம் உண்டு:
மதிப்போடு நடத்தப்பட்டதாக உணர்ந்தீர்களா?
அதில் என்ன போட்டேன் என்று
உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பதினோரு அழுகைக்கும் ஒரே விலை.
ரசீதில் கையெழுத்திடும் இடத்தில்
எர்மெலிந்தா என்று எழுதிவிட்டேன்.
காசாளர் சிரித்துக்கொண்டே வேறு தாள் தந்தார்.
பேனாவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.