ஒன்பதாவது கால்

காந்திபுரத்தில் ஏழு அட்டைப்பெட்டி வாங்கிக்கொண்டு
திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன்.
பெரியதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
"உள்ள என்னங்க?"
"இன்னும் ஒண்ணுமில்லீங்க."

அனுப்பர்பாளையத்தில் மாடியறை.
காலை பத்துக்குள்
குழந்தை பனியனுக்கு நாற்பத்தெட்டு லேபிள்
வரைந்து அனுப்பியாக வேண்டும்.
கழுத்துக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று,
வெந்நீரில் போடாதே என்று ஆறு மொழியில்.
பழைய லேப்டாப் வெள்ளிக்கிழமையே கண்ணை மூடிவிட்டது.

இரவு பத்தேகாலுக்கு
குங்குமம் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
விசிறி கால்வட்டம் அசைந்து நின்றது,
பேர் சொல்லி எழுப்பினால்
"ம்" என்றுவிட்டுப் புரண்டு படுப்பவரைப் போல.

கடைக்காரத் தரணிக்குப் போன் போட்டேன்.
"பின்னாடி சுவிட்சு போட்டீங்களாக்கா?"
போட்டாச்சு.
"அதப் போட்டீங்கனா வந்துருமேக்கா."

ராமைக் கழற்றி மாட்டினேன்.
பிராசசருக்குப் போகும் எட்டு முள் ஒயரைப்
பிடுங்கிச் செருகினேன்.
பொத்தானின் மெல்லிய ஒயர்கள் இரண்டையும் உருவிவிட்டு
அந்த முட்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டேன்.
டிக். கால்வட்டம்.
பவர் சப்ளையைத் தனியே எடுத்து
பதினாறாம் குழிக்கும் பதினேழாம் குழிக்கும்
ஓர் ஊக்கை வளைத்துச் சொருகினேன்.
சுற்றியது!
தனியாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது
என்று சிலரைப் பற்றிச் சொல்வார்களே.

தரணி மறுபடி:
"சுவிட்சுல கோடு போட்ட பக்கந்தானுங்க ஆன், வட்டம் ஆஃபு."
தெரியும் சாமி, தெரியும்.

பன்னிரண்டரைக்கு செகண்ட் ஷிப்ட் முடிந்து
கோகிலவாணி வந்தாள்.
தலைமயிரில் பஞ்சு, கையில் எனக்கும் சேர்த்து
ஆறிப்போன இரண்டு புரோட்டா.
கம்பெனியில் செக்கிங் அவள்.
ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி
அவள் விரலுக்குள் புகுந்து வெளியே வரும்.
கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.
தெரியாது என்பதையும் சொல்லிவிட்டுத்தான்
தரையில் உட்கார்ந்தாள்.

"உள்புறம் திருப்பிப் பாத்தியா?"

திருப்பிப் பார்ப்பதற்கு இதென்ன பனியனா
என்று கேட்க வாயெடுத்து
கேட்காமல்
திருகாணிகளைக் கழற்றினேன்.
பலகையை அதன் அட்டைப்பெட்டி மேலேயே கிடத்தி
முட்களைத் தொட்டால்
சுற்றுகிறது, விளக்கு எரிகிறது,
நிற்கவே மாட்டேன் என்கிறது.
பெட்டிக்குள் வைத்தால் சாகிறது.

கோகிலவாணி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
பலகையில் துளைகளை எண்ணினாள்.
எட்டு.
காலிப் பெட்டியில் பித்தளைக் கால்களை எண்ணினாள்.
இன்னொரு தரம் எண்ணினாள், சம்பள நாளில் எண்ணுவதைப் போல.
ஒன்பது.

பெரிய பலகைக்காகக் கம்பெனிக்காரன் திருகி வைத்த கால்.
என் பலகை சின்னது.
துளையில்லாத இடத்தில் நின்று
கீழிருந்து
ஈய முனை ஒன்றைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.
தாங்கத்தான் நினைத்திருக்கும், பாவம்.

அவள் பர்சிலிருந்து
பழுதுக்கு ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து
அந்தக் காலுக்கு நேரே ஒட்டினாள்.
"ஆல்டர்" என்றாள், கம்பெனிக் குரலில்.
கட்டிங் பிளேயரால் திருகி எடுத்தேன்.
சோளமணி அளவுதான்.

இரண்டு ஐம்பது.
எல்லாவற்றையும் மறுபடி பூட்டி அழுத்தினேன்.
சுற்றியது.
நின்றுவிடும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது:
தொடங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லையாம்.
பஸ்ஸிலேயே சொன்னேனே என்று சிரித்தேன்.
கோகிலவாணிக்குப் புரியவில்லை,
தூங்கியும் போயிருந்தாள்,
புரோட்டாத் தாள் இன்னும் மடியில்.

பென் டிரைவைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.
ஆறு சதவீதம். ஏழு.
முப்பத்தொன்றில் வெகுநேரம் நின்றது.
ஆறு மணிக்கு முதல் லேபிள்:
வெந்நீரில் போடாதே.

ஒன்பதேமுக்காலுக்குத் தரணி கூப்பிட்டான்.
"வந்துருச்சுங்களாக்கா?"
வந்துருச்சு.
"சுவிட்சுதானே?"

ஆமாம் என்றேன்.
இன்னும் நான்கு லேபிள் பாக்கி இருந்தது.