ஆறு ரூபாய்

மேல்விஷாரம் தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்குகளுக்கு நடுவே
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
காகிதம் பறக்காதிருக்க நாலு எடைக்கல்.

சனாவுல்லா பாய் ரசீதை வைத்தார்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
உத்தரவாதம் என்று சொல்லி
வங்கி பிடித்து வைத்திருந்த பணம்.
ஏழு சதவீதம். இருந்தது
மூன்று வருஷம், இருநூற்றுப் பத்தொன்பது நாள்.

"வட்டி எவ்வளவுன்னு பைசா வரைக்கும் பாரும்மா.
அசலோட ஒட்டிக்கிட்டு
ஒரு ரூபா வீட்டுக்குள்ள வரக் கூடாது."

இருபது வருஷமாக வட்டி போடுகிறேன்.
கைக்கு வருவது எவ்வளவு என்றுதான்
எல்லாரும் கேட்பார்கள்.
கையைக் கழுவ எவ்வளவு என்று கேட்டவர்
இவர் ஒருவர்தான்.

வருஷத்துக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு.
மூன்றுக்கு ஐம்பதாயிரத்து நானூறு.
அதுவரை மனக்கணக்கு.
நாளில்தான் இடறினேன்:
முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால்
நாளுக்கு நாற்பத்தாறு, கொஞ்சம் காசு.
காசை விட்டுப் பெருக்கினேன்.
பத்தாயிரத்து எழுபத்து நான்கு.

மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"அந்தச் சில்லறை எங்கம்மா போச்சு?"

முதலில் பெருக்கி, பிறகு வகுத்தேன்.
பத்தாயிரத்து எண்பது.
ஆறு ரூபாய் வித்தியாசம்.
பஸ் ஸ்டாண்டில் ஆறு ரூபாய்க்கு
அரை டீகூட வராது.
அவர் முகத்திலோ
காலில் தைத்த முள் வெளியே வந்த நிம்மதி.

என் கைப்பையில் இன்னொரு கணக்கு.
ஆற்காட்டில் நாற்பதாயிரம், மூணு வட்டி.
மாசம் ஆயிரத்து இருநூறு.
நாற்பத்தோரு மாசத்தில் கட்டியது
நாற்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
அசல் அப்படியே இருக்கிறது,
உப்புப் போட்ட தோல் மாதிரி
கெடாமல்.
இதற்கு வகுத்தல் வேண்டியதில்லை.
சில்லறை மிஞ்சுவதில்லை.

"இதை எங்க குடுக்கலாம்?
எனக்குப் புண்ணியம் சேராது, பேரும் போடக் கூடாது.
கஷ்டப்படறவங்க யாராவது இருந்தா சொல்லு."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
இன்னொரு சுற்று.
நாக்கு நுனிவரை என் பேர் வந்து
பல்லுக்குப் பின்னால் நின்றது.
வெளியே வந்தது வேறு:
"ரோட்டோரம் இருக்கிற பொண்ணுங்க ஸ்கூல்ல
கக்கூஸுக்குக் கதவு இல்ல பாய்."

ஏன் சொன்னேன் என்று
பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டேன்,
வாலாஜா தாண்டும் வரை.

அறுபதாயிரத்து நானூற்று எண்பது.
நாலு கதவு, ஒரு தொட்டி, குழாய், கூலி.
கணக்கு சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன்.
மேஸ்திரி மேலும் எண்ணூறு கேட்டார்.
பாய் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
"இது வட்டியில எழுதாதே," என்றார்.
"இது நான் சம்பாதிச்சது."
தனிப் பத்தி போட்டு எழுதினேன்: தர்மம், ரூபாய் எண்ணூறு.

ஐந்தாம் தேதிதோறும் ஆற்காட்டுக்குப் போகிறேன்.
பள்ளிக்கூடம் வரும்போது ஜன்னல் பக்கம் சாய்ந்து
கதவு சாத்தும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்.
லாரிகளின் ஹாரனில் ஒன்றும் கேட்காது.
மடியில் ஆயிரத்து இருநூறு,
மடித்து வைத்தபடி.
டிக்கெட்டுக்கு மட்டும்
தனியே எடுத்து வைத்த சில்லறை.