ஐந்நூற்றுப் பத்து கிராம்

முதலில் அது என் தரையைத்தான் தட்டியது.
சனிக்கிழமை மாலைகளில்
சமையலறைப் பலகைக்குக் கீழிருந்து ஒரு டொக்.
நாலைந்து டொக்குக்குப் பின் ஒரு வசவு,
லாட்விய மொழியில்.
அந்த மொழியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது வசவுதான்.

துடைப்பக் கட்டையால் நானும் பதிலுக்குத் தட்டுவேன்.
ஆறு வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டோம்.

லியபாயாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் விஸ்மா.
இரண்டு விரலால் நெம்புகோலை நகர்த்தினால் போதும்,
முப்பது டன் பெட்டி முணுமுணுக்காமல் மேலே போகும்.
ஆனால் அவளுக்கு வேண்டியது
அவளுடைய எடை, அவளுடைய தலைக்கு மேல்,
அவளுடைய கையால்.

ஐம்பத்தேழரை கிலோவில் வழி அடைத்துக்கொண்டது.
அதுவரைக்கும் உள்ளவை என் தரையைத் தட்டின.
அதற்கு மேற்பட்டவை
அவள் நெற்றி உயரத்தில் நின்று யோசித்துவிட்டு
வந்த வழியே இறங்கின.

ஒரு சனிக்கிழமை என் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி
அலமாரியிலிருந்து குதித்தது.
தரை துடைக்கும் துணியோடு மேலே வந்தாள்.
முட்டி போட்டுத் துடைத்தாள்.
"கெனாதி, இனி முற்றத்தில் செய்கிறேன்" என்றாள்.
முற்றத்திலா? நவம்பரிலா?
காற்று பிறக்கிற ஊர் என்று
இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு.

நான் ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்ப்பவன்.
காலை ஆறு மணி
எனக்குச் செருப்பைக் கழற்றும் நேரம்,
அவளுக்கு இடுப்பு வாரை இறுக்கும் நேரம்.
லிண்டன் மரத்தடியில் வெட்டிப் போட்ட இரண்டு டயர்,
ஹீட்டருக்குப் பக்கத்தில் தூங்கவைத்து
அப்போதுதான் எழுப்பிக் கொண்டுவந்த கம்பி.
திங்கள். செவ்வாய். புதன்.
பனி பெய்த வியாழன். பல் வலித்த வெள்ளி.
சின்ன எடைதான். மூன்று முறை, ஒரு பெருமூச்சு, மூன்று முறை.
வசவே இல்லை.
வாரம் ஒருமுறை இரும்போடு சண்டை போட்டவள்
தினமும் போய் நலம் விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"இவ்வளவுதானா இன்றைக்கு?" என்று கேட்டேன்.
"நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்."

ஜனவரி முழுக்க அந்த மிச்சத்தைப் பார்த்தேன்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மாவு புளிப்பதும் அப்படித்தான்,
பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதே இல்லை.

மார்ச்சில் ஒரு புதன்.
கதவைத் தட்டினாள், கையில் சமையலறைத் தராசு.
"காலையில் என் எடை அறுபத்து மூன்று.
கம்பியில் இருப்பது அறுபத்திரண்டரை.
அரைக் கிலோவுக்கு என்னிடம் தட்டு இல்லை.
உன்னிடம் கனமாக என்ன இருக்கிறது?"

ஒரு சர்க்கரைப் பொட்டலம் தரலாமே என்று
இப்போது தோன்றுகிறது.
அப்போது தோன்றியது நிலவறைப் பூட்டு,
அதன் நாலு சாவிகளோடு.
அவள் தராசு ஐந்நூற்றுப் பத்து காட்டியது.
கழுத்துத் துண்டால் கம்பியின் நடுவில் கட்டினாள்.

தோளிலிருந்து கம்பி கிளம்பியது.
நெற்றியில் நின்றது, பழைய இடம், பழைய யோசனை.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
ஏதோ என் மூச்சுதான் அதை அழுத்துகிறது என்பதுபோல.
மாடிச் சன்னலில் யாரோ பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்கள்.
சாவிகள் கிணுகிணுத்தன.
கிணுகிணுத்துக்கொண்டே ஏறின.

முழங்கை நிமிர்ந்தது.
அவளுக்கு மேலே மரக்கிளையும் கொஞ்சம் சாம்பல் வானமும்.
தட்டுவதற்குத் தரை இல்லை.

இறக்கி வைத்தாள். மூக்கைத் துடைத்தாள்.
"வேலைக்கு நேரமாகிறது" என்று போய்விட்டாள்.
அன்று துறைமுகத்தில் ஒரு பெட்டி
வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியிருக்கும் என்று
நானாக நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் ஆறு மணிக்கும் டயர்களுக்கு நடுவே நின்றாள்.
நாற்பது கிலோ. மூன்று முறை.
பூட்டைத் திருப்பித் தந்தாள்.

சும்மா இருக்காமல் அதை என் தராசில் வைத்துப் பார்த்தேன்.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.
அறுபத்தைந்தைத் தூக்கட்டும்,
சொல்லிக்கொள்ளலாம்.